8 மாதப் பிள்ளைக்குப் பல் முளைக்கிறது, மூன்று இரவாக வீட்டில் யாரும் தூங்கவில்லை

பாம்பன்_மருமகள் | செவ்வாய், இரவு 2.40

தங்கச்சிமடத்தில் பிறந்து பாம்பனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். மகனுக்கு வரும் வெள்ளிக்கிழமையோடு 8 மாதம் முடிகிறது. கீழ் ஈறு வயல் வரப்பு மாதிரி தடித்துச் சிவந்திருக்கிறது. விரல் வைத்துப் பார்த்தால் உள்ளே அரிசிமணி போல ஏதோ நெருடுகிறது. எச்சில் ஒழுகி ஒழுகி முகவாயும் கழுத்து மடிப்பும் சிவந்து புண்ணாகிவிட்டன. பகலில் கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறான். இரவு 1 மணிக்கு எழுந்தால் விடியும்வரை அழுகை. தொட்டிலில் கிடத்தினால் அலறுகிறான், தோளில் நிமிர்த்திச் சாய்த்துக்கொண்டு நடந்தால் கொஞ்சம் அடங்குகிறான்.

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகு கரையில் நிற்கிறது, அவர் வீட்டில் இருக்கிறார். நடப்பதற்கு ஆள் மாற்றிக்கொள்ள முடிகிறது, அந்த மட்டுக்கும் நிம்மதி. அத்தை, "பல்லுக்கு அப்படித்தான் இருக்கும், வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவு" என்கிறார். எதிர்வீட்டு மதினி, மருந்துக்கடையில் ஈறில் தடவும் ஜெல் விற்கிறது, தடவிய உடனே மரத்துப்போகும் என்கிறார். இவரோ ஐஸ் பெட்டியில் கிடக்கும் கட்டியில் ஒரு துண்டை உடைத்துத் துணியில் முடிந்து கொடுக்கலாமா என்று கேட்கிறார். மூன்று பேரும் மூன்று சொன்னால் நான் யார் சொல்வதைக் கேட்பது? இரண்டு நாளாக நாளுக்கு நான்கு முறை தண்ணீராகவும் போகிறான். அதுவும் பல்லுக்குத்தானே?

ஓலைப்பெட்டி | செவ்வாய், இரவு 2.58

நானும் விழித்துக்கொண்டுதான் இருக்கிறேன். சாயல்குடிப் பக்கம். என் மகளுக்கு 11 மாதம், நான்கு பல் வந்தாகிவிட்டது, ஐந்தாவது வழியில் இருக்கிறது.

எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி கிடையாது. நான் செய்தது இதுதான். பழைய வேட்டியில் கைக்குட்டை அளவுக்குக் கிழித்து, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மூடி இறுக்கமான சில்வர் டப்பாவில் போட்டு, அந்த டப்பாவை மண்பானைத் தண்ணீரில் மிதக்கவிடுவேன். கத்திரி வெயிலிலும் அரை மணி நேரத்தில் துணி சில்லென்று ஆகிவிடும். ஒரு முனையை ஒரு முடிச்சுப் போட்டு அவள் வாயில் கொடுப்பேன், மறுமுனை என் கையில். முடிச்சைக் கடைவாய்க்கு ஒதுக்கி, கண்ணை மூடிக்கொண்டு, வெற்றிலை மெல்லும் கிழவி மாதிரி மெல்லுவாள். துணியைக் கையிலிருந்து விட்டுவிடாதீர்கள், உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒருமுறை பயன்படுத்தியதைத் துவைத்துக் கொதிநீரில் போட்டெடுக்காமல் மறுபடி கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, விரல். சுட்டுவிரல் நகத்தை ஒட்ட வெட்டி, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, தடித்த ஈறின் மேல் வைத்து மெதுவாக அழுத்திக்கொண்டே இப்படியும் அப்படியும் நகர்த்துங்கள். வெறுமனே தடவினால் அவர்களுக்குக் கோபம் வருகிறது. அழுத்தம்தான் வேண்டும்.

தொண்டிக்காரன் | செவ்வாய், காலை 6.15

எல்லாம் சரி, எந்தப் பல் முதலில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேல் பல் முதலில் வந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள். என் அக்காள் மகனுக்கு அப்படி வந்தது. அன்றிலிருந்து அவன் பிறந்தநாளுக்கெல்லாம் சட்டைத்துணி எடுத்து என் பை காலியாவதைத் தவிர வேறு கெடுதல் ஒன்றும் நடக்கவில்லை.

சுகாதாரச்செவிலி | செவ்வாய், காலை 7.30

இந்தக் கரை ஊர்களில் துணை சுகாதார நிலையச் செவிலியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தங்கச்சி, ஐஸிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் எனக்குப் பகீரென்றது. மீன் பெட்டியில் இருக்கும் கட்டி மீனுக்காக உறையவைத்தது, குடிக்கிற தண்ணீரில் செய்தது அல்ல. லாரியில் சாக்கு மேல் கிடந்து, தரையில் இழுபட்டு, இறால் தண்ணீரில் ஊறி வந்தது. துணியில் கட்டினாலும் உருகிய நீர் பிள்ளையின் வயிற்றுக்குத்தான் போகும். வீட்டிலேயே நல்ல தண்ணீரில் உறையவைத்த ஐஸும் வேண்டாம். உறைந்த பொருள் ஈறின் தோலைச் சுட்டுவிடும். குளிர்ந்திருந்தால் போதும், உறையக்கூடாது. கடைகளில் விற்கும் கடிவளையத்துக்கும் அதே விதி. உள்ளே திரவம் நிரப்பிய வளையத்தை வாங்காதீர்கள், கடித்து ஓட்டை விழுந்தால் உள்ளிருப்பது வாய்க்குள் போகும்.

ஜெல். இதில் பல வகை உண்டு. மரக்கச் செய்யும் பென்சோகெய்ன் உள்ள ஜெல்லை 2 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குப் பயன்படுத்தவே கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் சொன்னது. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாதபடி செய்துவிடும், உதடும் நகமும் நீலம் பாரித்துப் போகும். லிடோகெய்ன் உள்ளதற்கு 2014-லேயே எச்சரிக்கை வந்தது, அளவு மீறினால் வலிப்பும் இதயக் கோளாறும் வரலாம். நம் கடைகளில் வாய்ப்புண்ணுக்கு விற்கும் பல ஜெல்களில் கோலின் சாலிசிலேட் இருக்கிறது. ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. பிரிட்டனில் 2009-இல் 16 வயதுக்குக் கீழே அதை நிறுத்திவிட்டார்கள். இவ்வளவு ஆபத்தை ஏற்றுக்கொண்டு தடவினாலும் பலன் எவ்வளவு நேரம்? ஒழுகுகிற எச்சிலில் சில நிமிடங்களில் வழிந்து தொண்டைக்குள் போய்விடும்.

கழிச்சல் பல்லுக்குத்தானே என்று கேட்டீர்கள். இல்லை. பல் முளைக்கும்போது எச்சில் ஒழுகும், கடிக்கத் தோன்றும், சிணுங்கும், சாப்பாடு கொஞ்சம் குறையும், உடம்பு லேசாகக் கதகதப்பாகலாம். 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் 125 பிள்ளைகளை நாள்தோறும் கவனித்து எழுதிய ஆய்வு ஒன்று உண்டு. பல் வெளிவருவதற்கு 4 நாள் முன்பிலிருந்து 3 நாள் பின்புவரைதான் இந்தத் தொந்தரவுகள் கூடுதலாக இருந்தன. கழிச்சலும் கடுங்காய்ச்சலும் அந்தக் கணக்கில் வரவில்லை. 6 மாதத்துக்கு மேல் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குறைகிறது, அதே நேரத்தில் பிள்ளை தவழ்கிறது, கஞ்சி குடிக்கிறது, தரையில் கிடப்பதை வாயில் வைக்கிறது. பல்லும் அதே மாதத்தில் வருவதால் பழி முழுவதையும் அது சுமக்கிறது. இந்த இரண்டு நாளில் என்னென்ன வாயில் வைத்தான் என்று யோசியுங்கள்.

இன்றைக்கே துணை சுகாதார நிலையத்தில் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் வாங்கிக்கொள்ளுங்கள். பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில், பெரும்பாலும் 1 லிட்டர், முழுவதையும் ஒரே தடவையில் கரைத்து, ஒவ்வொரு முறை போன பிறகும் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் ஆகாது. துத்தநாக மாத்திரை 14 நாள் தருவார்கள், கழிச்சல் நின்ற பிறகும் முழுவதையும் கொடுக்கவேண்டும். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். எத்தனை முறை சிறுநீர் போகிறான் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

அப்பத்தா_பேத்தி | செவ்வாய், காலை 9.05

மன்னிக்கவேண்டும், எனக்கு இது கொஞ்சம் எரிச்சலாக இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அமெரிக்காவா? எங்கள் அப்பத்தா ஒன்பது பெற்று ஏழு பேரை வளர்த்தவர். வசம்பு, மாசிக்காய், ஜாதிக்காய், கடுக்காய், சுக்கு ஐந்தையும் கல்லில் உரைத்துத் தாய்ப்பாலில் குழைத்துக் கொடுத்துத்தான் எங்களையெல்லாம் ஆளாக்கினார். வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர் இருக்கிறது. விளக்கு வைத்த பிறகு அதன் பெயரைக்கூடச் சொல்லமாட்டார்கள், பேர் சொல்லாதது என்பார்கள். அவ்வளவு மரியாதை. கடைச்சரக்கையெல்லாம் விஷம் என்று சொல்லிவிட்டால் மருந்துக் கம்பெனிக்காரனுக்குத்தான் கொண்டாட்டம்.

சுகாதாரச்செவிலி | செவ்வாய், காலை 9.40

அம்மா, ஒன்பதில் ஏழு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டைப் பற்றி அப்பத்தாவிடம் யாராவது கேட்டீர்களா? குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இந்தக் கரையில் ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒரு கணக்கு இருந்தது, கேட்டால் "பல்லுக்குப் போய் இறந்தது" என்பார்கள்.

வசம்பில் பீட்டா அசரோன் என்று ஒரு பொருள் இருக்கிறது. அமெரிக்காவை விடுங்கள் என்றால் விட்டுவிடுகிறேன், அவர்கள் 1968-இல் உணவில் சேர்க்கத் தடைபோட்டதைச் சொல்லவில்லை. நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். ஒரு விரற்கடை கூடுதலாக உரைத்துவிட்டால் பிள்ளை விடாமல் வாந்தி எடுக்கும், சோர்ந்து விழும். கல்லில் உரைக்கும்போது அளவு என்று ஒன்று கிடையாது, உரைக்கிறவர் கை வலுதான் அளவு. ஏற்கெனவே தண்ணீராகப் போகிற பிள்ளைக்கு வாந்தியும் சேர்ந்தால் என்ன ஆகும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். பல வீடுகளில் வசம்பை மணியாக அறுத்துக் கோத்து மணிக்கட்டில் கட்டுகிறார்கள். பல் வரும் வயதில் பிள்ளைக்கு முதலில் எட்டுகிற கடிபொருள் அதுதான். நூல் அறுந்தால் மணி தொண்டையில். எனவே இப்போதைக்கு அதைக் கழற்றிவிடுங்கள்.

அப்பத்தா செய்ததில் நல்லதும் நிறைய இருக்கிறது. தோளில் போட்டுக் கடற்காற்றில் நடத்துவது, தேங்காய் எண்ணெயை முகவாயில் தடவி எச்சில் புண்ணைக் காப்பது, விரலால் ஈறை அழுத்துவது. இவற்றுக்கு மேல் எந்த மருத்துவரும் புதிதாக ஒன்றும் சொல்லிவிடமாட்டார். எச்சிலைத் தேய்க்காமல் ஒற்றி எடுத்துவிட்டு எண்ணெய் வையுங்கள், தங்கச்சி.

கீழக்கரை_லாத்தா | செவ்வாய், பகல் 12.20

பால் குடிக்கும்போது கடிக்கிறானா? யாரும் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். என் இரண்டாமவள் கடித்ததில் நான் உம்மா என்று கத்த, அவள் அதை விளையாட்டு என்று நினைத்து மறுபடி கடிக்க, ஒரு வாரம் நரகம். வெடுக்கென்று இழுக்காதீர்கள், காயம் பெரிதாகும். பிள்ளையின் முகத்தை இன்னும் நெருக்கமாக மார்போடு அணைத்தால் மூக்கு அழுந்தி வாயைத் திறந்துவிடும். இல்லையென்றால் சுண்டுவிரலை வாயோரமாக உள்ளே விட்டு எடுங்கள். குடித்து முடிக்கிற தறுவாயில்தான் கடிக்கும், எனவே உறிஞ்சுவது நின்றதும் எடுத்துவிடவேண்டும். பால் கொடுக்கும் முன் இரண்டு நிமிடம் குளிர்ந்த துணியைக் கடிக்கவிட்டால் பாதிக் கடி அதிலேயே தீர்ந்துவிடும்.

தேனைத் தொட்டு வைக்கச் சொல்வார்கள். ஒரு வயது ஆகும்வரை ஒரு துளிகூட வேண்டாம் என்று எங்கள் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அதிலிருக்கும் நுண்கிருமி வித்து பிள்ளையின் குடலில் முளைத்து விஷமாகுமாம். ரஸ்க்கும் கொடுக்காதீர்கள். ஊறி ஒரு துண்டு உடைந்து மேலண்ணத்தில் ஒட்டி என் மகள் மூச்சுத் திணறியதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. நுங்கு வரும் காலம் இது. இளம் நுங்கைத் தோல் சீவி, கையால் நன்றாக மசித்து, கரண்டியில் கொடுத்துப் பாருங்கள். முழுச் சுளையாகக் கொடுத்தால் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும், ஜாக்கிரதை. கழிச்சல் நின்ற பிறகு கொடுங்கள்.

பாம்பன்_மருமகள் | செவ்வாய், மாலை 4.50

வசம்பு மணியைக் கழற்றிவிட்டேன். அத்தை ஒன்றும் பேசவில்லை, அதுவே பெரிய விஷயம். துணி வேலை செய்கிறது, கால் மணி நேரம் சிரித்தான்.

என்னென்ன வாயில் வைத்தான் என்று அக்கா கேட்டதிலிருந்து யோசித்துக்கொண்டே இருந்தேன். மதியம் கண்டுபிடித்துவிட்டேன். இவர் வாசலில் வலையை விரித்துக் கிழிசலைச் சரிசெய்துகொண்டிருக்கிறார். பிள்ளையைப் பக்கத்தில் பாயில் உட்காரவைத்திருந்தோம். வலையோரத்து மிதவை இருக்கிறதே, ஆரஞ்சு நிறத்தில் முட்டை மாதிரி, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓட்டைப் பக்கத்தைச் சப்பிக்கொண்டிருந்தான். ஓட்டைக்குள் காய்ந்த பாசியும் செதிலும். எத்தனை நாளாகவோ தெரியவில்லை. இவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தாராம், "கடிக்க வாகாக இருந்தது, அழாமல் இருந்தான்" என்கிறார்!

உடம்பு இப்போது சுடுகிறது. பாராசிட்டமால் கொடுக்கலாமா? மூத்த நாத்தனார் மகனுக்கு வாங்கியது வீட்டில் இருக்கிறது.

மருந்துக்கடைக்காரன் | செவ்வாய், மாலை 5.10

வீட்டில் இருப்பது எது என்று முதலில் லேபிளைப் படியுங்கள். இதைத் தினம் பத்துப் பேரிடம் சொல்கிறேன். கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் பொதுவாக 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் அல்லது 250 மில்லிகிராம். இரண்டும் ஒரே நிறம், ஒரே வாசனை. ஆனால் சொட்டு மருந்து 120 சிரப்பைவிட நான்கு மடங்கு கெட்டி. சிரப்புக்குச் சொன்ன 4 மில்லியைச் சொட்டு மருந்தில் அளந்து ஊற்றினால் 400 மில்லிகிராம் போய்விடும், ஈரல் தாங்காது.

கணக்கு எடையை வைத்து. ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். உங்கள் மகன் 8 கிலோ என்றால் ஒரு வேளைக்கு 80 முதல் 120 மில்லிகிராம். சொட்டு மருந்தில் அது 0.8 முதல் 1.2 மில்லி, 120 சிரப்பில் சுமார் 3.3 முதல் 5 மில்லி. இரண்டு வேளைக்கு நடுவில் 4 முதல் 6 மணி நேரம், ஒரு நாளில் 4 வேளைக்கு மேல் வேண்டாம். அந்தந்தப் பாட்டிலோடு வந்த டிராப்பரையே பயன்படுத்துங்கள், ஒன்றின் டிராப்பரை இன்னொன்றில் விடாதீர்கள். திறந்து மாதக்கணக்கான பாட்டிலாக இருந்தால் கொட்டிவிட்டுப் புதிது வாங்குங்கள். எடை தெரியாவிட்டால் ஊகிக்காமல் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

சுகாதாரச்செவிலி | செவ்வாய், மாலை 5.25

கைவைத்துப் பார்ப்பது கணக்கில் வராது. வெப்பமானியை அக்குளில் வைத்து எவ்வளவு என்று சொல்லுங்கள். 100.4 டிகிரிக்கு மேல் என்றால் பல் அல்ல. தொட்டிலில் கிடத்தினால் அலறுகிறான், நிமிர்த்தினால் அடங்குகிறான் என்று முதலிலேயே எழுதியிருந்தீர்கள், நான் காலையில் அதைத் தாண்டிப் போய்விட்டேன். என் தவறு. காதைப் பிடித்து இழுக்கிறானா?

பாம்பன்_மருமகள் | செவ்வாய், மாலை 5.40

101.8. வலது காதை இழுக்கிறான். அத்தை அதுவும் பல் இழுக்கிறது என்று நேற்று இளஞ்சூட்டில் எண்ணெய் விட்டார். கிளம்புகிறோம்.

தொண்டிக்காரன் | செவ்வாய், இரவு 8.00

போய்விட்டு வந்து ஒரு வரி எழுதுங்கள் தங்கச்சி.

பாம்பன்_மருமகள் | புதன், பகல் 11.15

நேற்று இரவு முதலில் போன இடத்தில் வாயை மட்டும் பார்த்துவிட்டு "பல்லுதான் அம்மா" என்று அனுப்பப் பார்த்தார்கள். காதையும் பாருங்கள் என்று நான் பிடிவாதமாக நின்றேன், முகத்தைச் சுளித்தார்கள். இங்கே படித்திருக்காவிட்டால் நிற்கத் துணிந்திருக்கமாட்டேன். பிறகு ராமநாதபுரத்துக்கே போய்விட்டோம். குழந்தை மருத்துவர் கருவியை வைத்துப் பார்த்ததும் நடுக்காதில் சீழ் கட்டியிருக்கிறது, செவிப்பறை புடைத்திருக்கிறது என்றார். படுத்தால் அழுத்தம் கூடி வலி அதிகமாகுமாம். ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறார், அளவு தவறாமல் முழு நாளும் கொடுக்கச் சொன்னார். காதில் எண்ணெய் விடவே கூடாது, செவிப்பறையில் ஓட்டை இருந்தால் உள்ளே போய்க் கெடுத்துவிடும் என்று அத்தையிடம் பணிவாகவே சொன்னார். எடை 7 கிலோ 900. கழிச்சலுக்குக் கரைசலும் மாத்திரையும் அக்கா சொன்னபடியே.

நேற்று இரவு 11 மணி முதல் காலை 5 மணிவரை தூங்கினான். நான் தூங்கவில்லை, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்பத்தா_பேத்தி | புதன், பகல் 12.00

நேற்று எழுதியதற்கு வருத்தப்படுகிறேன் என்று சொல்லமாட்டேன், வசம்பைப் பற்றி இன்னும் என் கருத்து மாறவில்லை. ஆனால் அம்மாவிடம் அந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன். ஒன்று 9 மாதத்தில், வயிற்றுப்போக்கில். பெயர்கூட வைத்திருந்தார்களாம்.

பழம்புத்தகப்புழு | புதன், பிற்பகல் 3.30

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவன், ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். "பல்லுக்கு" என்று எழுதிவைப்பது நம் ஊர் வழக்கம் மட்டும் அல்ல. லண்டனின் பழைய இறப்புப் பட்டியல்களில் பல் முளைத்தல் ஒரு காரணமாகவே அச்சாகியிருக்கும். அங்கே மருத்துவர்களே ஈறைக் கத்தியால் கீறினார்கள். பிறகு பல் பொடி என்று விற்றதில் பாதரசம் கலந்திருந்தது. கையும் காலும் சிவந்து தோல் உரிந்து பிள்ளைகள் துடித்தார்கள், அதையும் வெகுகாலம் வேறு ஏதோ நோய் என்றுதான் நினைத்தார்கள். 1950-களில் அந்தப் பொடியை நிறுத்தியதும் நோயும் அடங்கியது. அவர்கள் ஊர் அப்பத்தாக்களும் நல்லெண்ணத்தோடுதான் கொடுத்திருப்பார்கள்.

ஓலைப்பெட்டி | புதன், மாலை 6.45

கேட்க மறந்துவிட்டேன். ஓலைக் கிலுகிலுப்பை கொடுத்திருக்கிறீர்களா? சாயல்குடிச் சந்தையில் வாங்கியதை என் மகள் மென்று மென்று ஓலை பிரிந்து உள்ளே இருந்த கற்கள் பாயில் கொட்டின. ஆட்டிக் காட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பாம்பன்_மருமகள் | அடுத்த புதன், காலை 8.10

ஒரு வாரம் ஆகிவிட்டது, பதில் எழுத நேரம் கிடைக்கவில்லை. காய்ச்சல் இரண்டாம் நாளே விட்டது, கழிச்சலும் நின்றுவிட்டது. இவர் வலையைப் பின்பக்கம் கொண்டுபோய் விரித்துக்கொண்டார். கடிப்பதற்கு ஒரே அச்சில் வார்த்த சிலிக்கோன் வளையம் ஒன்று வாங்கிவந்து, தினம் கொதிநீரில் போட்டெடுப்பதும் அவர் வேலைதான்.

இன்று காலை கேழ்வரகுக் கூழ் ஊட்டும்போது சில்வர் கரண்டி எதிலோ பட்டு 'டிங்' என்றது. மறுபடி வைத்துப் பார்த்தேன், மறுபடி 'டிங்'. கீழ் ஈறைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அரிசிமணி இன்னும் உள்ளேதான் இருக்கிறது. உதட்டைத் தூக்கினால் மேலே, நடுவில், ரம்பம் மாதிரி ஓரத்தோடு வெள்ளையாக ஒரு கோடு. இத்தனை நாளும் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அத்தை உடனே தங்கச்சிமடத்துக்குப் போன் போட்டுவிட்டார். என் அண்ணன், "மேல் பல்லா, நன்றாகப் பார்த்தாயா?" என்று மூன்று முறை கேட்டான். நன்றாகத்தான் பார்த்தேன் என்றேன். மாலையில் வருகிறானாம். தொண்டிக்கார அண்ணனிடம் ஒன்று கேட்கவேண்டும், சட்டைத்துணி எந்த அளவு எடுப்பது என்று அவன் கேட்கிறான்.